எலியைப் பிடிப்பதற்கு முன் வழியை அடைத்துவிடுங்கள்

வீட்டில் எலி நடமாட்டம் தெரிந்ததும் பலர் முதலில் கடைக்குப் போய் விஷம் வாங்குகிறார்கள். அது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. ஓர் எலி செத்தாலும் அது வந்த துளை திறந்திருக்கும்வரை அடுத்த எலி வரத்தான் செய்யும். சினைப்பட்ட ஏறத்தாழ 3 வாரங்களில் குட்டி போடும் பிராணியைக் கொன்றே தீர்த்துவிட முடியாது.

வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். அரிசி மணி அளவில் புழுக்கை கிடந்தால் சுண்டெலி. அதைவிடப் பெரிதாக இருந்து, பரணில் ஓடும் சத்தமும் கேட்டால் வீட்டெலி. சுவரோரம் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு சுவரை ஒட்டி ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. பூச்சிகளைத் தின்று வாழும் அதை விட்டுவிடுவதே நல்லது.

பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டை உள்ளும் புறமும் சுற்றி வாருங்கள். எலி தினமும் ஒரே தடத்தில் போவதால், அதன் உடம்பு உரசும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுப்புக் கறை படிந்திருக்கும். அந்தக் கறையைப் பின்தொடர்ந்தால் துளை அகப்படும். பென்சில் நுழையும் சந்து சுண்டெலிக்குப் போதும் என்பதால், ஏசி குழாய் செல்லும் ஓட்டையையும் கழுவுதொட்டிக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளைக்குள் இறுக்கித் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அது கடித்துக்கொண்டேதான் இருக்கும் என்பதால் துணியும் தெர்மகோலும் மரத்துண்டும் நிற்காது. கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள். சாக்கடைத் துளைக்குக் கம்பி வலை போடுங்கள். மொட்டை மாடியைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். வீட்டெலி நன்றாக மரமேறும்.

அரிசியையும் பருப்பையும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். நாய்க்கு வைத்த சோற்றின் மீதியையும் இரவில் எடுத்துவிட வேண்டும்.

உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்குத்தான் பொறி. புதிய பொருளைக் கண்டால் வீட்டெலி சந்தேகப்பட்டு ஒதுங்கிப்போகும். ஆகவே சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ பொறியில் வைத்து, இரண்டு மூன்று இரவுகள் விசையைப் பூட்டாமல் சுவரோரமாக விட்டுவிட்டு, தின்னப் பழகிய பிறகு பூட்டுங்கள். பொறியை நடுக்கூடத்தில் வைப்பது வீண்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் விஷத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்றே வலியுறுத்திச் சொல்வேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைச் சிதைக்கும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. வாயில் பட்டது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், அந்த உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, கையுறை அணிந்து துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். ஆகவே சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வீட்டில் எலி இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.