சுரங்கத்துக்கு நிலநடுக்க மாடல்: மண்ணிலும் பாறையிலும் செய்யக்கூடாத தவறுகள்

ஊரில் படித்துவிட்டு டெல்லிக்கு மெட்ரோ சுரங்க டிசைன் வேலைக்கு வரும் நம் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது கணினி மாடலில் மண்ணுக்கு என்ன மாடுலஸ் (விறைப்பைச் சொல்லும் எண்) போட்டீர்கள் என்பதைத்தான், லைனிங் (சுரங்கத்தின் உள்சுவர்) பேச்சு அப்புறம். கட்டடம் தன் எடையால் ஆடும். சுரங்கம் அப்படியில்லை, சுற்றியுள்ள மண் எப்படி நெளிகிறதோ அதோடு சேர்ந்து நெளியும். மண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு லைனிங்கில் எவ்வளவு நுணுக்கம் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

அடிக்கடி நடக்கும் தவறு, மண் எவ்வளவு அமுங்கும் என்று பார்க்க எடுத்த மாடுலஸை அப்படியே குலுக்கலுக்கும் கொடுப்பது. யமுனைப் பக்கத்து மணலுக்கு எஸ்பிடி எண்ணை (துளைக்குள் சுத்தியலால் அடித்து மண்ணின் கெட்டியைப் பார்க்கும் சோதனை) வைத்து யங் மாடுலஸ் 30 மெகாபாஸ்கல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அதே மண்ணில் ஷியர் அலை (மண்ணைப் பக்கவாட்டில் நெளித்துக்கொண்டு போகும் அலை) விநாடிக்கு 200 மீட்டர் போகிறது, அடர்த்தி கனமீட்டருக்கு 1900 கிலோ என்றால், வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்க ஷியர் மாடுலஸ் 76 மெகாபாஸ்கல் வரும், யங் மாடுலஸ் கிட்டத்தட்ட 200. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! சரி, 200-ஐயே போட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது, ஏனென்றால் அது மிகச் சிறிய ஸ்ட்ரெயினுக்கான (நெளிவின் அளவுக்கான) எண். ஷியர் ஸ்ட்ரெயின் 0.1 சதவீதத்தைத் தொடும்போது மணலின் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம், டாம்பிங்கும் (அதிர்வின் சக்தியை மண் உறிஞ்சுவது) கூடவே ஏறும். ஸ்ட்ரெயினோடு இவை மாறுவதைக் காட்டும் இரண்டு வளைவுகளும் மாடலுக்குள் போகத்தான் வேண்டும்.

மோர்-கூலம் மாடலை (மண் எப்போது உடையும் என்று சொல்லும் எளிய மாடல்) மட்டும் நம்புவதும் இதே கதைதான். உடையும் எல்லைக்குள் அது வெறும் ஸ்பிரிங், ஒரு துளி சக்தியையும் உறிஞ்சாது. அதைச் சரிக்கட்ட ரேலி டாம்பிங்கை (கணக்கில் செயற்கையாகச் சேர்க்கும் டாம்பிங்) கண்டபடி ஏற்றுகிறார்கள். அது நாம் தேர்ந்தெடுத்த இரண்டு அதிர்வெண்களில்தான் சொன்ன அளவுக்கு வேலை செய்யும், அதற்கு மேலே உள்ள அதிர்வுகளைத் தின்றுவிடும், கிராஃப் அழகாக வரும், விடை தப்பாக இருக்கும். மாடலின் ஒரே ஒரு எலிமென்ட்டை (சிறு கட்டத்தை) எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷியர் செய்து, வரும் வளையம் லேப் வளைவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேர வேலைதான், பலரும் செய்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

மெஷ்ஷின் ஒவ்வொரு எலிமென்ட்டும் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்: 150 மீட்டர் வேகம், 15 ஹெர்ட்ஸ் என்றால் 1 மீட்டர். அடிப்பகுதியை இறுகப் பூட்டாதீர்கள், கீழே இறங்கும் அலை வெளியேற வழியில்லாமல் திரும்பித் திரும்பி வரும்.

பாறை என்றதும் கெட்டி என்று எலாஸ்டிக்காக (உடையவே உடையாத பொருளாக) விட்டுவிடுவது இன்னொரு ஆபத்து. டெல்லி ரிட்ஜ் மலைமேட்டின் குவார்ட்சைட் பாறை கையளவு துண்டாகப் பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் சுரங்கம் சந்திப்பது விரிசலும் சிதைவும் உள்ள பாறைத்திரளை. அந்தத் துண்டின் வலிமையை அப்படியே கொடுக்கக்கூடாது. அதைவிட முக்கியம், பாறையிலிருந்து வண்டலுக்குள் சுரங்கம் நுழையும் இடம். இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி ஆடுவதால் லைனிங் அங்கேதான் அதிகம் அடிவாங்கும், குறுக்குவெட்டு 2டி மாடலில் அது தெரியவே தெரியாது.

1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் டைகாய் சுரங்க ரயில் நிலையத்தின் நடுத்தூண்கள் நொறுங்கி மேலே ரோடே உள்வாங்கியது. பூமிக்கு அடியில் இருப்பது தானாகவே பத்திரம் என்று இன்னமும் சொல்பவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். டெல்லி நிலநடுக்க வரைபடத்தில் நான்காம் மண்டலம், ஆற்றோரத்தில் நிலத்தடி நீரும் மேலேயே இருக்கிறது. தளர்ந்த மணல் இருந்தால் குலுக்கலில் நீரழுத்தம் ஏறி மணல் குழம்பாவதைக் காட்டும் மாடல் வேண்டும், இல்லையென்றால் சுரங்கம் மிதக்க முயல்வது கணக்கிலேயே வராது.

சுரங்கத்தை வைப்பதற்கு முன்னால் வெறும் மண்ணை மட்டும் ஓடவிட்டு, மேல்மட்ட அசைவை 1டி சைட் ரெஸ்பான்ஸ் கணக்கோடு (அலை மண் அடுக்குகள் வழியே நேர்மேலே ஏறுவதாக வைக்கும் எளிய கணக்கு) ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவரும் வரை லைனிங்கைத் தொடாதீர்கள்.