டெட்லாக்கைத் திருத்தப் போய் பெரிய ஓட்டையைத் திறக்காதீர்கள்

மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டெட்லாக் (இரண்டு பாதைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்துபோவது) திருத்தத்தில் ஏறத்தாழ ஒரே தவறுகளைத்தான் வரிசையாகச் செய்கிறார்கள். பிழை வரும் பாதையில் பூட்டை (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவைக்கும் லாக்கை) திறக்க மறப்பது போன்றவற்றை யாரும் ஒருநாளில் கற்றுக்கொள்வார்கள், அவை இங்கே வேண்டாம். லினக்ஸ் கெர்னலில் இரண்டாம் மூன்றாம் வருடத்திலும் ஆளை விழுத்துகிறவை இவை.

பூட்டை நடுவில் விட்டு மறுபடி பிடிப்பது

கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஒரு டிரைவரில் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. பட்டியலுக்கு ஒரு பூட்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பூட்டு. ரீசெட் பாதை முதலில் பட்டியல் பூட்டையும் பிறகு கருவிப் பூட்டையும் பிடிக்கிறது. கருவியை நீக்கும் பாதை தலைகீழ்: கருவிப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியல் பூட்டைக் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். சாதாரணப் பயனரே இதைத் தூண்டிவிட முடியும் என்றால் அது பாதுகாப்பு ஓட்டை. இயந்திரத்தை முடக்க அவருக்கு ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) தேவையில்லை.

புதியவர் என்ன செய்கிறார்? ரீசெட் சுழலுக்குள் பட்டியல் பூட்டை விடுகிறார், கருவிப் பூட்டைப் பிடித்து வேலையை முடிக்கிறார், பிறகு பட்டியல் பூட்டை மறுபடி பிடித்து அடுத்த கருவிக்குப் போகிறார். பூட்டு வரிசையைச் சரிபார்க்கும் கெர்னல் சோதிப்பான் லாக்டெப் அமைதி. சோதனையெல்லாம் பச்சை. ஆனால் ஒரு பூட்டை விட்டு மற்றதைப் பிடிக்கும் அந்த இடைவெளியில், வேறொரு சிபியு அதே கருவியை நீக்கி நினைவகத்தையும் விடுவித்துவிடலாம். நீங்கள் பிடிக்கப் போகும் பூட்டே அந்த விடுவித்த நினைவகத்துக்குள்தான் கிடக்கிறது. முடக்கம் மட்டுமே தந்த ஓட்டை இப்போது யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை) ஆகிவிட்டது. அந்த இடத்தைத் தன் தரவால் நிரப்பத் தெரிந்தவருக்கு ரூட் வரை வழி திறக்கும்.

சுட்டிக்காட்டினால் பட்டியல் சுழலின் 'சேஃப்' வகைக்கு மாற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்த 'சேஃப்' நீங்களே நடப்பு உறுப்பை நீக்கும்போது மட்டும்தான் காக்கும். முன்கூட்டி எடுத்து வைத்த அடுத்த உறுப்பை இன்னொருவர் நீக்கினால் ஒன்றும் செய்யாது. எக்ஸ்86-64 ஊப்ஸில் (கெர்னலின் பிழை அறிக்கையில்) dead000000000100 என்ற முகவரி தெரிந்தால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே கழற்றிய உறுப்பின் 'அடுத்தது' சுட்டியைப் பிடித்துப் போயிருக்கிறீர்கள் என்று பொருள்.

திருத்த வேண்டியது நீக்கும் பாதையை. கருவிப் பூட்டைத் தொடுமுன் பட்டியல் பூட்டைப் பிடித்துக் கருவியைக் கழற்றுங்கள். பட்டியல் பூட்டை விட்டுவிடுங்கள். அதன் பிறகு கருவிப் பூட்டைப் பிடித்து மூடும் வேலையைச் செய்யுங்கள். இப்படி எழுதினால் நீக்கும் பாதை இரண்டு பூட்டையும் ஒருசேரப் பிடிப்பதே இல்லை, ரீசெட் பாதையில் ஒரு வரியும் மாறாது. வேறு யாராவது அந்தக் கருவியைச் சுட்டியபடி இருக்கலாம் என்றால், பட்டியல் பூட்டு கையில் இருக்கும்போதே ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை) கூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டை விட்ட பிறகு கூட்டினால் பயனில்லை.

வரிசையை ஓரிடத்தில் மட்டும் மாற்றுவது

மொரீஷியஸ்காரருக்கு வரிசையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். பூட்டு வரிசையும் அப்படித்தான், ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மற்ற இடங்களோடு மோதும்: அந்தப் பூட்டைப் பிடிக்கும் எல்லா இடத்தையும் கிரெப்பால் தேடிப் பாருங்கள், முடிவான வரிசையைக் கோப்பின் தலைப்பில் கமெண்ட்டாக எழுதுங்கள்.

பூட்டோடு நின்று வொர்க் முடியக் காத்திருப்பது

வொர்க் என்பது பிறகு ஓட்டுவதற்காகக் கெர்னல் வரிசையில் போட்டுவைக்கும் வேலை. அதை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும் கேன்சல்_வொர்க்_சிங்க்கை அழைக்கும்போது, அந்த வொர்க் பிடிக்கும் அதே பூட்டு உங்கள் கையில் இருக்கக் கூடாது. பூட்டுக்குள் 'மூடுகிறோம்' என்ற கொடியை வையுங்கள், பூட்டை விடுங்கள், பிறகு காத்திருங்கள். கொடி இல்லாவிட்டால் யாராவது வொர்க்கை மறுபடி வரிசையில் சேர்த்துவிடுவார்கள்.

இன்டரப்டைக் கண்ணை மூடித் திறந்துவிடுவது

இன்டரப்ட் ஹேண்ட்லரும் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் நிரலும்) பிடிக்கும் ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக் காக்கும் பூட்டு) என்றால், மற்ற இடங்களில் இன்டரப்டின் முந்தைய நிலையைக் காத்துவைக்கும் ஐஆர்க்யூசேவ் வகைதான். வெறும் ஐஆர்க்யூ வகை பூட்டை விடும்போது இன்டரப்டைக் கேள்வியே இல்லாமல் திறந்துவிடும். உங்களை அழைத்தவர் அதை மூடி வைத்திருந்தாரா என்று பார்க்காது.

ட்ரைலாக்கைச் சுழலில் போடுவது

ட்ரைலாக் பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். அதைச் சுழலில் போட்டால் டெட்லாக் போய் லைவ்லாக் (எல்லாம் ஓடும், எதுவும் நகராது) வரும். வேண்டாம்.

லாக்டெப் பேசவில்லை என்று நம்புவது

2006இல் 2.6.18 பதிப்போடு வந்த லாக்டெப், முதல் எச்சரிக்கையை அச்சிட்டதும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ரீபூட் செய்யாமல் இரண்டாம் முறை ஓட்டி "சத்தமில்லை, சரியாகிவிட்டது" என்று பேட்ச் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் ஓடிய பாதைகளை மட்டுமே அறியும்; நீக்கும் பாதை ஒருமுறைகூட ஓடவில்லை என்றால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எச்சரிக்கை வாராமலிருக்க, அந்தப் பூட்டைச் சோதனையிலிருந்து விலக்கும் நோவேலிடேட் போடுவது திருத்தம் இல்லை.

ஒரே சிபியு விஎம்மில் (மெய்நிகர் இயந்திரத்தில்) சோதிப்பது

குறைந்தது நான்கு கொடுங்கள். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசானையும் இயக்குங்கள்.

அவசரப்பட்டு ரீபூட் செய்வது

தொங்கிய டாஸ்க்கைப் பற்றிய செய்தி வர, இயல்பு அமைப்பில் குறைந்தது 120 வினாடி ஆகும். அதற்குள் பொறுமை இல்லையென்றால் சிஸ்ஆர்க்யூவில் (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் விசையில்) 'd' அழுத்துங்கள். லாக்டெப் இயங்கும் கெர்னல் என்றால் யார் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறார் என்று அப்போதே காட்டும்.