பழைய ஜிப்சியைக் கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்வது: முன் அச்சிலிருந்து தொடங்குங்கள்

பழைய மாருதி ஜிப்சி (நான்கு சக்கர இழுவை ஜீப்) வாங்கியவர்கள் முதலில் கேட்பது பெரிய டயர், அடுத்து உயரம் ஏற்றுவது, அப்புறம் சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முன் அச்சைத் திறந்து பார்க்காமல் இதில் எதற்கும் பணம் போடாதீர்கள். 1985-இல் வந்த வண்டி இது. விற்பனை 2019 வாக்கில் நின்றுவிட்டது. இன்று கையில் கிடைக்கும் எந்த ஜிப்சியிலும் கிங்பின் (முன் வீல் இடவலமாகத் திரும்பும் முளை) பேரிங், ஆயில் சீல், ஸ்பிரிங் புஷ் எல்லாம் பாதி ஆயுளைத் தாண்டியிருக்கும். அதன்மேல் பெரிய டயரை மாட்டினால் தேய்ந்ததெல்லாம் இன்னும் வேகமாகத் தேயும்.

என்னுடையது கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் ஜிப்சி கிங். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த) வண்டிக்கும் அச்சு வேலை ஏறக்குறைய இதேதான். ஜாக்கி போடுவது, வீல் கழற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஆயில்

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் அச்சின் ஹவுசிங், பின் அச்சின் ஹவுசிங் என்று நான்கு இடம். பழைய உரிமையாளர் என்ன சொன்னாலும் நான்கையும் மாற்றிவிடுங்கள். டிரெயின் பிளக்கில் கை வைக்கும் முன் ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ஹவுசிங் இரண்டுக்கும் ஜி.எல்.5 தரத்தில் 80டபிள்யூ-90 கியர் ஆயில். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4. இரண்டுக்கும் ஒரே டின் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்: கியர்பாக்ஸ் உள்ளே பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கிறது, ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் அதை அரிக்கக்கூடும். அளவு சுமாராக முன் ஹவுசிங்குக்கு 2 லிட்டர், பின்னுக்கு 1.5, கியர்பாக்ஸுக்கு 1.3, டிரான்ஸ்ஃபருக்கு 0.8. சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையில் வழியும் வரை ஊற்றினால் சரி.

வடித்த ஆயிலை ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்துப் பாருங்கள். கருப்பாக இருந்தால் பழசு, அவ்வளவுதான். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்த வண்டி என்றால் இந்த நிறம் வர வாய்ப்பு அதிகம்.

தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க

ஓடிச் சூடேறிய ஹவுசிங் மழைநீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். ஹவுசிங்கின் தலையில் இருக்கும், காற்று போய்வரும் சின்ன பிரீதர் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அதன் வழியாகவும், அது சேறு அடைத்துக் கிடந்தால் ஆயில் சீல் உதடு வழியாகவும் தண்ணீர் போகும். பிரீதரைக் கழற்றிவிட்டு அதே மரையில் ஒரு நிப்பிள் போட்டு, நல்ல பெட்ரோல் ஹோஸ் மாட்டி, முன் அச்சுக்கு என்ஜின் பேயின் மேல்பகுதி வரைக்கும், பின் அச்சுக்குப் பாடியின் உயரமான ஒரு இடம் வரைக்கும் கொண்டுபோய்க் கிளிப் அடியுங்கள். அச்சு கீழே தொங்கும்போது இழுபடாத அளவுக்கு ஹோஸில் தளர்வு வேண்டும். செலவு மிகக் குறைவு. சென்னையில் ஓடும் எந்த நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் முதல் மேம்பாடு இதுதான் என்பேன்.

கிங்பின்: பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம்

ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெறிபிடித்து ஆடுகிறதா? பெரும்பாலான மெக்கானிக்குகள் முதலில் சொல்வது, "டாம்பர் மாத்திட்டா நின்னுடும் சார்." நின்றுவிடும், கொஞ்ச நாளைக்கு. புது ஸ்டியரிங் டாம்பர் ஆட்டத்தை அமுக்குகிறது, ஆட்டத்தின் காரணம் அப்படியே இருக்கிறது. வீல் பேலன்ஸ், டயர் காற்று, டை ராட் (முன் வீல்களைச் சேர்த்துத் திருப்பும் கம்பி) முனை எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் கிங்பின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காங்கிரீட் தரை வேண்டும். மே மாத வெயிலில் இளகிய தார்ச் சாலையில் ஜாக்கி புதைந்து சாயும். வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். பிளே தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிளே காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின். வீலை இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் பிளே வந்தால் டை ராட் முனை.

கிங்பின்தான் என்று உறுதியானால் இறங்கிவிடலாம். வீல், கேலிப்பர், ஹப், ஸ்பிண்டில் என்று வரிசையாகக் கழற்றுங்கள். கேலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். அச்சுத் தண்டை நேராக வெளியே இழுங்கள். டை ராட் முனைக்குப் புல்லர் பயன்படுத்துங்கள், சுத்தியல் அடியில் மரை நசுங்கும். மேல் கிங்பின், கீழ் கிங்பின் இரண்டுக்கும் குறி போட்டு, அதனதன் ஷிம்மோடு (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) தனித்தனிக் கவரில் வையுங்கள். கீழ் கிங்பினைக் கழற்றும்போது கீழே ஒரு கை இருக்கட்டும், பேரிங் நழுவி விழும். வீலைத் தாங்கித் திரும்பும் நக்கிளுக்குப் பின்னால் இருக்கும் சீல், ஃபெல்ட் வளையம், தகடு எந்த வரிசையில் வந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அச்சு முனையில் உள்ள பந்துக்குள் உட்கார்ந்திருக்கும் பேரிங் கப்பை (உருளைகள் ஓடும் வெளிவளையம்) டீசலில் துடைத்துவிட்டு நகத்தால் தடவுங்கள். கிங்பின் பேரிங் முழுச்சுற்று சுற்றுவதே இல்லை. ஸ்டியரிங் திரும்பும் அந்தச் சின்ன வளைவுக்குள்தான் வருடக்கணக்கில் அசைகிறது. அதிலும் பெரும்பாலான நேரம் வண்டி நேராகத்தான் போகிறது. அதனால் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி, கப்பில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் நகத்தில் தட்டும். தட்டினால் கப்போடு சேர்த்து மாற்றுங்கள். பழைய கப்பில் புது பேரிங் போடவே கூடாது. கப்பை இறக்கப் பித்தளைத் தண்டு போதும். உட்கார்ந்துவிட்டால் அடிக்கும் சத்தம் மாறும், கெட்டியாகக் கேட்கும்.

திறந்த கையோடு அச்சுக்குழாய்க்குள் இருக்கும் உள் சீலையும் மாற்றுங்கள். அது கிழிந்திருந்தால் ஹவுசிங் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து டயரின் உள்பக்கம் வடியும். தண்டைத் திரும்பச் செருகும்போது கையால் தாங்கித் தூக்கியபடி செருகுங்கள். சீல் உதட்டின்மேல் தண்டை இழுத்தால் புது சீலும் கிழிந்துவிடும்.

ஆனால் தண்டைச் செருகும் முன்பே ஷிம் வேலையை முடித்துவிட வேண்டும். வேலையின் உயிர்நாடி இந்த ஷிம்தான். பழைய ஷிம்களையே முதலில் போட்டு, பின்பக்கச் சீலை மாட்டாமல், கிங்பின் போல்ட்டுகளை முறுக்குங்கள். டை ராட் மாட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, நக்கிள் ஆர்முக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் ஷிம்மைக் குறையுங்கள், அதிகமாகக் காட்டினால் சேருங்கள். மேலும் கீழும் சமமாகச் செய்தால் தண்டு நடுவிலேயே நிற்கும். கை அனுபவத்தில் சொல்லிவிடலாம் என்று நம்பாதீர்கள். கைக்கு ஒரு கிலோவும் மூன்று கிலோவும் ஒன்றுபோலத்தான் தெரியும். குளிர்பானக் கேனை வெட்டி ஷிம்மாகப் போடும் பழக்கமும் வேண்டாம், அலுமினியம் நசுங்கி ஒரு மாதத்தில் ஆட்டம் திரும்ப வரும்.

சாமான்களுக்கு ஜி.பி. ரோடு. பேரிங், சீல் எல்லாம் புதிதாகவே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய நக்கிள், ஹவுசிங், ஹப் நல்லது கிடைக்கும், ஆனால் தேய்மானப் பொருளை அங்கே வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிரிங் தராசு பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள்.

*பிறகு சேர்த்தது:* முதல் நாள் தராசு சரியாகக் காட்டியும் ஒரு வாரத்தில் ஆட்டம் திரும்பி வந்தது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் கப் அடிவரை உட்காரவில்லை. ஓட்டத்தில் அது இறங்கியதும் பேரிங்கின் இறுக்கம் போய்விடுகிறது. கப்பின் இருக்கையில் பழைய கிரீஸ், துரு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். கப் சரியாக இருந்தால், கிங்பின் போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

ஸ்பிரிங், டயர்

பட்டை ஸ்பிரிங்கின் புஷ்களை மாற்றுங்கள், யு போல்ட்டை முறுக்குங்கள். உயரம் ஏற்ற நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தகடு) போடச் சொல்வார்கள். முன்பக்கம் அதைப் போட்டால் காஸ்டர் கோணம் (கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது மங்கிவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயருக்கு 215/75 ஆர் 15 போதும். கம்பெனி கொடுத்த 205/70 ஆர் 15-ஐ விட விட்டம் 5 சதவீதம் கூடுதல். 235/75 போட்டால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும், 1.3 என்ஜினுக்கு ஐந்தாவது கியர் சுமையாகிவிடும், முன் பேரிங்குக்கும் கூடுதல் வேலை. மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்கலாம், திரும்பும்போது ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும். வின்ச் வாங்கும் பணத்தில் முதலில் சேசிஸில் போல்ட் செய்த நல்ல கொக்கிகளும், ஒரு இழுவைப் பட்டையும், அதைக் கொக்கியில் மாட்டும் ஷாக்கிளும் வாங்குங்கள். பம்பரில் கட்டி இழுக்காதீர்கள்.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. பார்ப்பார்கள் என்பதை எந்த மாற்றத்துக்கும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் இடம், ஓட்டிய பிறகு

ஈ.சி.ஆர். கடற்கரை மணலில் இறக்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது, மற்ற மாதங்களிலும் உப்பு வண்டியைத் தின்றுவிடும். தெரிந்தவர்களின் நிலத்தில், கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் ஜிப்சியில் கிடையாது, ஆகவே காய்ந்த தாரில் 4எச் (நான்கு சக்கர இழுவை) போடாதீர்கள். மண் தரை கிடைக்கும்போது மாதம் ஒருமுறையாவது போட்டு ஓட்டுங்கள், முன் கிரௌன் பல்சக்கரமும் சீல்களும் ஆயிலில் நனையும்.

வெள்ளத்தில் நான்கு சக்கர இழுவை உதவுமா என்று சிலர் கேட்பதுண்டு. சேற்றில் உதவும். தேங்கிய தண்ணீரில் என்ஜின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஹப் மூழ்கும் தண்ணீரில் போய் வந்தால், அடுத்த நாள் வண்டியை அசைக்கும் முன் இரண்டு ஹவுசிங்கின் டிரெயின் பிளக்கையும் லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கியிருந்தால் முதல் சொட்டிலேயே வந்துவிடும்.