லெதர் வேலைக்கு ஆன்வில் வாங்காதீங்க, கிரானைட் துண்டு போதும்

லெதர் வேலை புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குறதே எந்த ஆன்வில், அதாவது கீழ வெச்சு அடிக்கிற இரும்புப் பட்டடை, வாங்கணும்னுதான். எதுவும் வாங்க வேணாம். ஆன்லைன்ல விக்கிற குட்டி ஆன்வில் பார்க்க அம்சமா இருக்கும், ஆனா அதோட மேல்பக்கத்துல ஒரு பெல்ட்ட நேரா படுக்க வைக்கவே இடம் பத்தாது. நமக்கு வேண்டியது தோல்ல டிசைன் அச்சு அடிக்க கெட்டியா ஒரு தளம், ஓட்டை போட கொஞ்சம் மெத்துனு ஒரு தளம், அவ்ளோதான்.

முதல்ல கிரானைட். கிச்சன் மேடைக்கு கல்லு அறுக்குற கடைக்கு போங்க, சிங்க் வைக்கிறதுக்காக வெட்டி எடுத்த துண்டெல்லாம் ஓரமா சாத்தி வெச்சிருப்பாங்க, கேட்டா பெரும்பாலும் சும்மாவே இல்லன்னா கொஞ்சம் காசுக்கு குடுத்துடுவாங்க. 18 எம்எம் கனத்துல ஒரு அடிக்கு ஒரு அடி இருந்தா நாலரை கிலோ வரும். ரெண்டு துண்டு கிடைச்சா சொரசொரப்பு பக்கத்த உள்ள வெச்சு எபாக்ஸி பசை போட்டு ஒட்டிடுங்க, ஒன்பது கிலோ ஆயிடும், அடிச்சா அசையாது. ஓரத்த அங்கயே மெஷின்ல தேய்ச்சு வாங்கிக்கோங்க, இல்லன்னா கைய கிழிச்சிடும். கடப்பா கல்லு வேணாம், அடுக்கடுக்கா பெயரும். டைல்ஸ் சுத்தமா வேணாம்.

அடுத்து கல்ல எங்க வைக்கிறோம்ங்கிறது, கல்ல விட இதுதான் முக்கியம். மேஜை நடுவுல வெச்சு அடிச்சா பலகை வளைஞ்சு குடுக்கும், அடியோட பலம் அதுக்கே போயிடும், தோல்ல அச்சு மங்கலா விழும், நாமளும் பத்தலன்னு இன்னும் ஓங்கி அடிப்போம். அதனால கல்ல மேஜைக் காலுக்கு நேர் மேல வைங்க. பக்கத்துல பலகை மேல ஒரு ரூபா காயின வெச்சுட்டு அடிச்சு பாருங்க, காயின் துள்ளுச்சுன்னா இடத்த மாத்துங்க. கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வராம இருக்க கல்லுக்கு அடியில பழைய மவுஸ் பேட் ஒண்ணு போடலாம், தடியான ஸ்பாஞ்ச் போட்டா திரும்ப அதே கதைதான்.

இப்ப வெஜ் டான் லெதர, அதாவது மரப்பட்டையில பதப்படுத்துன தோல, ஸ்பாஞ்சால நனைங்க, நனைஞ்சு கருத்த நிறம் திரும்ப வெளுக்க ஆரம்பிக்கிற நேரத்துல கல்லு மேல போட்டு, ஸ்டாம்ப (டிசைன் செதுக்குன அச்சுக் கம்பிய) செங்குத்தா பிடிச்சு, மேலெட்டால (மரம் இல்லன்னா பிளாஸ்டிக் சுத்தியலால) தீர்க்கமா ஒரே அடி. இந்த வேலைய வெறும் இரும்பு மேல செய்யாதீங்க. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை மாதிரி பட்டையில பதப்படுத்துன தோல்ல டானின் இருக்கும், அது ஈரத்தோட இரும்புல பட்டா கருப்பு கறை ஏறிடும். பட்டுடுச்சுன்னா எலுமிச்சை சாறுல தண்ணி கலந்து தொட்டு தேய்ங்க, நல்லாவே போகும்.

ஓட்டை போடுறப்போ பஞ்ச், அதாவது துளை போடுற உளி, அதோட முனை கல்லையோ இரும்பையோ தொடவே கூடாது, ஒரு அடியில மழுங்கிடும். கல்லு மேல காய் நறுக்குற வெள்ளை பிளாஸ்டிக் போர்ட போட்டு அது மேல அடிங்க. கறிக்கடையில இருக்குமே புளியமரக் கட்டை, அதுல சின்னதா ஒண்ணு கிடைச்சா இன்னும் அருமை, மரத்த குறுக்க அறுத்த முகம் முனைய உள்வாங்கிட்டு விட்டுடும், சீக்கிரம் மழுங்காது.

ரிவெட், ஸ்னாப் பட்டனுக்கு மட்டும் இரும்பு வேணும். லேத் பட்டறையில 25 எம்எம் எம்எஸ் (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) பிளேட் ஆறு இன்ச்சுக்கு ஆறு இன்ச் கேளுங்க, சுமார் நாலரை கிலோ வரும், துண்டு இரும்ப எடை போட்டுதான் விப்பாங்க. ரிவெட் தலைய நேரா பிளேட் மேல வெச்சு அடிச்சா தட்டையாயிடும், ரிவெட் கிட்டோட வர்ற குழிவான டைய (தலை உக்கார்ற குழி உள்ள இரும்புத் துண்ட) கீழ குடுத்து அடிங்க. காயலான் கடையில தண்டவாளத் துண்டு கிடைக்கும்னு யாராவது சொன்னா பில் இல்லாம தொடாதீங்க, 1966 ரயில்வே சொத்து சட்டப்படி திருட்டு தண்டவாளம் கையில இருந்தாலே கேஸ். பழைய சம்மட்டி தலைய நிமித்தி வெச்சும் ரிவெட் அடிக்கலாம், ஆனா அது மேல சுத்தியலால நேரடியா அடிக்காதீங்க, ரெண்டுமே கடினப்படுத்துன இரும்பு, சில்லு தெறிச்சா நேரா கண்ணுக்குத்தான் வரும், கண்ணாடி கட்டாயம் போடுங்க.