நோய் நீங்காதபோது விசுவாசத்தில் நிலைப்பதற்கு ஒரு வழிகாட்டி

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒருவர் பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்தால், பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: முழு மனதோடு விசுவாசித்தால் எழுந்து நடக்கலாம் என்பது ஒன்று, எந்தப் பாவத்தின் பலனோ என்று இழுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திலிருந்து இறக்கிவைப்பதே முதல் வேலை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவனோ அவனைப் பெற்றவர்களோ செய்த பாவம் காரணமல்ல என்று இயேசு மறுத்தது யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் பவுல், தம் உடலில் தைத்த முள் என்று தாமே சொன்ன துன்பம் நீங்கும்படி மூன்று முறை மன்றாடியும் அது நீங்கவில்லை. அவருடைய உடன் ஊழியர் தீமோத்தேயு அடிக்கடி நோயுற்றவர். துரோப்பீமு என்ற மற்றோர் உடன் ஊழியரைப் பவுல் மிலேத்து என்ற ஊரில் நோயாளியாகவே விட்டுவந்தார். இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று எவரும் சொல்வதில்லை.

அடுத்தது ஜெபம். நன்றி சொல்ல வாய் வராத நாளில் நன்றி சொல்ல முயலவேண்டாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆறே வசனங்கள். முறையீட்டில் தொடங்கித் துதியில் முடிகிறது. அந்தத் துதிகூடப் பொய்யாகத் தோன்றும் நாளுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அதில் ஆறுதலான முடிவே இல்லை. ஆனாலும் அதைப் பாடியவர் கடவுளை நோக்கியே பேசுகிறார், அதுவும் விசுவாசமே. விடியற்காலையில்தான் ஜெபிக்கவேண்டும் என்ற பழக்கத்தை விட்டு, மாத்திரை வேலை செய்து வலி சற்றுத் தணியும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. புத்தகத்தைப் பிடிக்க முடியாதவர்கள் கைபேசியில் ஒலி வேதாகமத்தைக் கேட்கலாம்.

ஜெபம் தொடங்கியதும் மருந்தை நிறுத்தும் வழக்கத்தை நான் முழுவதுமாக எதிர்க்கிறேன். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குக் குறித்துக்கொடுத்த நாளை எந்தக் குணமளிக்கும் கூட்டத்துக்காகவும் தவறவிடாதீர்கள். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், போதகரிடம் சொல்வதோடு நில்லாமல், டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐயும் அழையுங்கள்.

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்துக்குச் செல்கிறவர்கள் ஒன்றை எண்ணிப்பார்க்கவேண்டும். 1858-இல் பிரான்சின் லூர்து நகரில் மாதாவின் காட்சி கண்ட பெர்னதெத், ஆஸ்துமாவாலும் காசநோயாலும் துன்பப்பட்டு 35-ஆம் வயதில் இறந்தார். அந்த ஊற்றருகே பலர் குணம்பெற்றிருக்க, அதைக் கண்டெடுத்தவர் நோயோடே புனிதரானார். குணம் கேட்டுப் போவதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் கைவிடப்பட்டோம் என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

ஆலயத்துக்குப் போக முடியாதவர்கள், பங்குத்தந்தையிடம் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி கேட்கலாம். ஆற்காடு லுத்தரன் திருச்சபை போன்ற சபைகளில் திருவிருந்துக்காகப் போதகரிடம் கேட்கலாம். கத்தோலிக்கர் பெறும் நோயில்பூசுதல், அதாவது குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு, சாகும் தறுவாயில் மட்டும் தரப்படுவதன்று. நீண்டநாள் நோயாளிகள், நிலைமை மோசமாகும்போது, அதை மறுபடியும் பெறலாம். குருவானவர் எண்ணெயோடு வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் நிலை இன்னும் மாறவில்லை என்பதால், குடும்பத்தாரிடம் இதை முன்னதாகவே விளக்கிவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது, வாழ்வின் நோக்கத்தைக் கண்டடைவது. நோயாளியை எல்லாரும் பார்க்க வருகிறார்கள், ஆனால் அவரிடம் ஒரு வேலையைச் செய்துதரும்படி யாரும் கேட்பதில்லை. நான் கண்டவரை, மனிதரை உள்ளுக்குள் ஒடுக்குவது வலியைவிட இதுவே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். கைகளுக்கான அறுவையை அமர்ந்தபடியே செய்யமுடியும் என்பதால் அவருக்கு அந்த வழி திறந்தது. அவரைப் போல அருஞ்செயல் செய்யவேண்டும் என்பதில்லை. எஞ்சியிருப்பதைக் கொண்டு எதைச் செய்யமுடியும் என்று பார்க்கும் அந்த முறையைப் பின்பற்றினால் போதும்.

உங்களிடம் எஞ்சியிருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: குரல், ஒரு கை, பகலில் இரண்டு மணி நேரம், கணக்கறிவு. பிறகு, நீங்கள் செய்யாவிட்டால் யாருக்காவது குறை தெரியும்படியான ஒரு வேலையைப் பங்குத்தந்தையிடமோ சபையிடமோ நீங்களே கேட்டுப் பெறுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு வராத முதியவர்களைத் தொலைபேசியில் விசாரிக்கலாம். தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருந்தாலும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். தாமே அந்த அட்டையைப் பெற்ற ஒருவரைவிட அவர்களுக்கு நன்றாக வழிகாட்டக்கூடியவர் யார்? வலி மிகும் நாட்களில் அந்த வேலையை ஏற்றுச் செய்ய அன்பியத்திலோ (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) சபையிலோ ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் படுக்கவேண்டிய நாளில் குற்ற உணர்வின்றிப் படுக்கலாம், மறுவாரம் அதே வேலைக்குத் திரும்பலாம்.