லைட்டுக்கெல்லாம் 'ஒளி' போடலாமா? நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

"நிலா வானத்தில் அழகாக ஒளிந்தது."

என் துணைப்பாட வகுப்பில் தொடக்கநிலை ஐந்து படிக்கும் ஒரு பெண் எழுதிய வரி இது. பௌர்ணமி இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று வானத்தைப் பார்த்ததைக் கட்டுரையாக எழுதியிருந்தாள். மேகமே இல்லை என்று முந்தின வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் நிலாவை மறைய வைத்துவிட்டாள். அவள் எழுத நினைத்தது 'ஒளிர்ந்தது'. ஒரே ஒரு 'ர்' விட்டுப்போயிற்று. நான் சிவப்பு மையில் வட்டம் போட்டதும், "டீச்சர், ஒளின்னா லைட்தானே?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஒளி' லைட்தான். வினைச்சொல்லாக வந்தாலோ மறைந்துகொள்வது. பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறார்கள், அம்மா மிட்டாய் டப்பாவை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். எழுத்து ஒன்றுதான், செய்கிற வேலைகள் நேர் எதிர். அதனால் வெளிச்சம் தருவதைச் சொல்லும்போது ஒளிர்ந்தது, ஒளிவீசியது, பிரகாசித்தது என்று எழுதவேண்டும். வெறும் 'ஒளிந்தது' என்றால் காணோம் என்று பொருள்.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகளில் பலர் முதலில் ஆங்கிலத்தில் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் லைட் என்ற ஒரே சொல் விளக்குக்கும் வரும், விளக்கை ஏற்றுவதற்கும் வரும், எடை குறைவுக்கும் வரும், வெளிர் நிறத்துக்கும் வரும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. எல்லா இடத்திலும் 'ஒளி'யை வைக்கும்போதுதான் கோளாறு வருகிறது. பெரியவர்களும் இதில் தப்பவில்லை என்பதை மொழிபெயர்ப்பு வேலையில் தினமும் பார்க்கிறேன்.

ஒளி, ஒலி, ஒழி

மூன்றுக்கும் வித்தியாசம் நாக்கு போய் நிற்கிற இடம்தான். ஒலிக்கு நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ஒளிக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தில் ஒட்டும். ஒழிக்கு மடியும், ஆனால் ஒட்டாது. வாயில் இந்த வித்தியாசம் போய்விட்டால் எழுத்திலும் போய்விடும்.

எழுத்தில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ் தட்டும் விசைப்பலகைகளில் பொதுவாகச் சின்ன 'எல்' தட்டினால் ல, பெரிய 'எல்' தட்டினால் ள. அவசரத்தில் யார் பெரிய எழுத்துக்குப் போகிறார்கள்? அதனால் தீபாவளி வாழ்த்துகளில் 'உங்கள் வாழ்வில் ஒலி பிறக்கட்டும்' என்று வருகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒருமுறை எனக்கு வந்த வாழ்த்தில் 'இன்பம் ஒழிரட்டும்' என்று இருந்தது. அனுப்பியவர் மனசார வாழ்த்தியவர். ஆனாலும் 'இன்பம் ஒழி' வரைக்கும் படித்த கண் கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்தது. வாழ்த்து அனுப்பும் முன் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது திரும்பப் பாருங்கள்.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு குழப்பத்தைத் தீர்க்க நம் ஊரிலேயே நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. நம் தமிழ் வானொலியின் பெயரே 'ஒலி 96.8'. காதால் கேட்பது, அதனால் ஒலி. வசந்தம் தொலைக்காட்சியை 'ஒளிவழி' என்கிறோம். கண்ணால் பார்ப்பது, அதனால் ஒளி. வானொலியில் நிகழ்ச்சி ஒலியேறும், தொலைக்காட்சியில் ஒளியேறும். வகுப்பில் இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் இந்த இரண்டையும் அநேகமாக மாற்றி எழுதுவதில்லை.

ஒளி வேறு, வெளிச்சம் வேறு

'அறையில் ஒளி இல்லை, படிக்க முடியவில்லை' என்று எழுதினால் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். 'வெளிச்சம் பத்தவில்லை' என்பார்கள். ஒரு பொருளிலிருந்து புறப்பட்டு வருவது ஒளி: சூரிய ஒளி, ஒளிக்கதிர், கண்ணொளி. அது விழுந்து ஓர் இடம் தெரிகிறதே, அந்த நிலை வெளிச்சம். கோடு அவ்வளவு கறாரானது இல்லை. நிலவொளி என்றும் சொல்கிறோம், நிலா வெளிச்சம் என்றும் சொல்கிறோம். ஆனால் அறிவியலில் வெளிச்சத்தின் வேகம் என்று எழுத முடியாது, அங்கே ஒளியின் வேகம்தான்.

வெளிச்சத்துக்குள் ஒரு 'வெளி' இருப்பதால் அதன் உருவகப் பொருள் எல்லாம் வெளியே தெரிவதைச் சுற்றியே வரும். மறைத்து வைத்த முறைகேடு வெளிச்சத்துக்கு வரும். வசதியைக் காட்டிக்கொள்ள ஆடம்பரம் செய்பவரை 'சும்மா வெளிச்சம் போடுறார்' என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது 'அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்'. அவருக்கு மட்டும்தான் தெரியும், நமக்குத் தெரியாது என்று அர்த்தம். ஒரு மாணவன் இதைக் கோயில் விளக்கைப் பற்றிய வரி என்று விளக்கி எழுதியிருந்தான். சொல்லைச் சொல்லாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். இந்த மாதிரித் தொடரைப் பிரித்துப் பார்க்காமல் முழுசாகக் கேட்டுப் பழகவேண்டும், அதற்கு வீட்டில் யாராவது அதைச் சொல்லவேண்டும்.

போடு, ஏற்று, கொளுத்து, பற்ற வை

இது வினைச்சொல்லில் வரும் தவறு. 'லைட்டைத் திற', 'லைட்டை மூடு' என்று சில பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மலாயிலும் சீனத்திலும் அப்படிச் சொல்வது வழக்கம், நண்பர்களிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் லைட்டைப் போடுவோம், அணைப்போம். பேச்சில் ஆஃப் பண்ணுவோம், அதில் குற்றமில்லை.

பூசை அறைக்குப் போனால் 'போடு' வராது. விளக்கை ஏற்றவேண்டும். ஊதுபத்தியைக் கொளுத்தவேண்டும். சமையலறையில் அடுப்பைப் பற்ற வைக்கவேண்டும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வினை போதும். 'விளக்கைக் கொளுத்தினாள்' என்று பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கும் விழாவின் அழைப்பிதழில் 'ஏற்றி வைப்பார்' என்றுதான் போடவேண்டும். 'ஏற்று' என்பதில் மேலே உயர்த்துகிற மரியாதை ஒன்று இருக்கிறது.

விளக்கு செய்யும் மூன்று வேலைகள்

எண்ணெய் விட்டுத் திரி போட்டால் விளக்கு. பாடத்தைப் புரியவைத்தாலும் விளக்கு. பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் விளக்கு. 'பல் விளக்கினாயா?' என்று பாட்டி கேட்டால் பல்லைப் பற்றி யாரும் விளக்கவுரை தரவேண்டியதில்லை. மூன்றுக்கும் அடியில் ஒரே வேலைதான், மங்கலாக இருப்பதைத் தெளிய வைப்பது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது.

இதன் தம்பி 'விளங்கு'. இங்கேதான் ஆபத்தான ஒரு தவறு நடக்கிறது. ஆங்கிலத்தில் 'நான் புரிந்துகொள்ளவில்லை' என்ற அமைப்பு மனசில் ஓட, பிள்ளைகள் 'நான் விளங்கவில்லை' என்கிறார்கள். 'எனக்கு விளங்கவில்லை' என்றால் புரியவில்லை. 'நான் விளங்கவில்லை' என்றால் நான் உருப்படவில்லை. கோபத்தில் 'நீ விளங்கவே மாட்டே' என்று பெரியவர்கள் திட்டுவது இந்த இரண்டாவது பொருளில்தான். நான்காம் வேற்றுமை 'கு' ஒன்று போனால் பாடம் புரியாத பிள்ளை தன்னைத்தானே சபித்துக்கொள்கிறது.

அப்புறம், திருத்தக்கூடாததைத் திருத்துவதும் தவறுதான். 'கலங்கரை விளக்கம்' என்று எழுதினால், விளக்கம் என்றால் விவரம்தானே, 'விளக்கு' என்று மாற்றுங்கள் என்கிறார்கள். 'கலங்கரை விளக்கு' என்பதும் இன்று வழங்குகிறது, சரி. ஆனால் பழையது விளக்கம்தான். சிலப்பதிகாரத்திலேயே 'கலங்கரை விளக்கம்' இருக்கிறது. குறளில் 'பொருளென்னும் பொய்யா விளக்கம்' வருகிறது. அங்கேயும் விளக்கம் என்றால் விளக்குத்தான். கலம் என்றால் கப்பல், கரைவது என்றால் கூப்பிடுவது. காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கப்பல்களைக் கூவி அழைக்கிற விளக்கு என்று பொருள் சொல்வார்கள். நம் கடலில் 1851 முதல் பெட்ரா பிராங்காவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும், 1855 முதல் தெற்கே ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் கப்பல்களுக்கு வழிகாட்டி வருகின்றன. கடல்வழி வணிகத்தால் வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைப் பாதியாக வெட்டவேண்டாமே.

எடையில் வரும் லைட்

நான் தினமும் செங்காங்கில் எல்ஆர்டி ஏறுகிறேன். அதன் முதல் தடம் 1999இல் புக்கிட் பாஞ்சாங்கில் தொடங்கியது. எல்ஆர்டியின் முதல் எழுத்து 'லைட்' என்பதன் சுருக்கம்தான், ஆனால் அது விளக்கைக் குறிப்பதில்லை. எம்ஆர்டி என்கிற பெருவிரைவு ரயிலை விடச் சிறிய, குறைவான சுமை இழுக்கிற ரயில் என்பதால் அது இலகு ரயில். ஆனால் கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் சூழல் புரியாமல் 'ஒளி' என்று போட்டுவிடும் அபாயம் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியின் அறிவிப்பில் 'நிகழ்ச்சிக்குப் பின் ஒளிச் சிற்றுண்டி வழங்கப்படும்' என்று என் கண்ணால் படித்தேன். சிற்றுண்டி என்ற சொல்லுக்குள்ளேயே சிறுமை இருக்கிறது, சிறு உண்டி. 'சிற்றுண்டி வழங்கப்படும்' என்று நிறுத்தியிருந்தால் போதும். தமிழில் நாலு பேர் கூடும் ஓர் இடத்தின் அறிவிப்பை அச்சடிக்கும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருக்கவேண்டும். அது நடக்காதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நிறமென்றால் இளநீலம், வெளிர்பச்சை. மழையென்றால் தூறல், சாரல். தூக்கமென்றால் கோழித்தூக்கம். காய்ச்சலென்றால் லேசான காய்ச்சல். எதிலும் ஒளி இல்லை.

ஆங்கிலத் தொடரை அப்படியே தூக்கி வைப்பது

'திட்டத்துக்கு அமைச்சு பச்சை விளக்கு காட்டியது' என்று எழுதுகிறோம். தமிழில் காட்டுவது பச்சைக்கொடி. 'அண்மைய நிலவரத்தின் ஒளியில்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, 'நிலவரத்தைக் கருத்தில் கொண்டு' என்றால் போதும். 'சுரங்கப்பாதையின் முடிவில் வெளிச்சம் தெரிகிறது' என்பதற்கு நம்மிடம் 'விடிவு' என்ற ஒரே சொல் இருக்கிறது. விடிவுகாலம் பிறந்தது என்று சொல்லிப் பாருங்கள், துன்பம் என்கிற ராத்திரி முழுசும் அதற்குள் அடங்கியிருக்கும்.

அறிவியல் கட்டுரைகளில் ஒரு தவறு: 'பல ஒளியாண்டுகளுக்கு முன்பு' என்று காலமாக எழுதுவது. ஒளியாண்டு தூரம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு, ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

தீபாவளியும் தீபஒளியும்

ஆண்டுதோறும் தேக்காவில் சிராங்கூன் சாலை நெடுக வண்ணவிளக்கு எரியும்போது அதை 'ஒளியூட்டு' என்கிறோம். சிங்கப்பூர்த் தமிழில் வேரூன்றிய அழகான சொல், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் தீபாவளியையே 'தீபஒளி' என்பதன் திரிபு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தீபம், ஆவளி. ஆவளி என்றால் வரிசை. தீபங்களின் வரிசை என்பதுதான் பொருள்.

கடைசியாக, விளக்கு முடிகிற நேரத்துச் சொல். லைட்டை அணைக்கலாம், சாமி விளக்கை மட்டும் 'அணை' என்று என் அம்மா சொன்னதே இல்லை. வெளியே கிளம்பும் அவசரத்தில் நான் ஒருமுறை வாயால் ஊதப் போனேன். "வாயால ஊதாதேம்மா, பூவெடுத்துக் குளிர வை" என்றார். சாமந்தி இதழ் ஒன்றை எண்ணெயில் தோய்த்துத் திரியை மெல்ல உள்ளே இழுத்துவிட்டார். சுடர் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. கொஞ்சம் நல்லெண்ணெய் வாசனை நின்றது. 'மலையேறிடுச்சு' என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்.