கோரையா, நெளியா, சுருட்டையா? ஷாம்பு வாங்கும் முன் முடியைப் பாருங்கள்

ஒருகாலத்தில் என் குளியலறை அலமாரியில் பாதி தீர்ந்த ஒன்பது பாட்டில்கள் நின்றன. எல்லாமே 'வறண்ட, அடங்காத முடிக்கு' என்று எழுதியவை. என் முடி பரட்டை என்று சிறு வயதிலேயே நம்பிவிட்டேன். உண்மையில் அது நெளிமுடி. காய்ந்த பிறகு வரட்டு வரட்டென்று சீவி, நெளிவுகளைக் கலைத்து, அதைப் பரட்டையாக்கியதே நான்தான். இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு விடுமுறை நாளும் ஒரு வெள்ளைத்தாளும்.

1. வெறும் முடியாகக் கழுவுங்கள்

ஷாம்பு மட்டும் போட்டு அலசுங்கள். எண்ணெய், கண்டிஷனர், சீரம் எதுவும் இன்று வேண்டாம். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். துண்டால் அரக்கித் துவட்டாதீர்கள். அப்புறம் முழுதாகக் காயும்வரை சீவக்கூடாது, கட்டக்கூடாது, டிரையர் பக்கமே போகக்கூடாது. கை சும்மா இருக்காது, தெரியும். இருந்தாலும் தொடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் விட்டுவிடும். காயும்போது மறுபடி இறுகும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அதுவே அடுத்து ஈரம் படும்வரை நிற்கும். இழுத்துக் கட்டிக் காயவைத்த முடி உங்கள் முடியைப் பற்றி எதுவும் சொல்லாது. ரசாயனம் போட்டு நேராக்கிய முடி என்றால், வேரிலிருந்து புதிதாக வளர்ந்த பகுதியை மட்டும் பாருங்கள். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும் என்பதால் சில மாதம் பொறுக்க வேண்டியிருக்கும்.

2. வடிவம்

உச்சி, காதோரம், பிடரி என மூன்று இடங்களிலிருந்து உதிர்ந்த முடியோ பிடுங்கிய முடியோ ஒவ்வொன்று எடுத்து வெள்ளைத்தாளில் போடுங்கள். கோடு மாதிரி கிடந்தால் கோரைமுடி, வகை 1. பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்தால் நெளிமுடி, வகை 2. விரலில் சுற்றிய மோதிரம் போல வளையம் வளையமாக இருந்தால் சுருட்டை, வகை 3. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலவோ, கூர்மையாக மடங்கி மடங்கியோ வந்தால் இறுக்கமான சுருள், வகை 4. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பிரபலமாக்கிய கணக்கு இது. ஒவ்வொன்றையும் ஏ, பி, சி என்று மேலும் பிரிப்பார்கள். '2பி-யா, 2சி-யா' என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதனால் வாங்கும் பொருள் பெரிதாக மாறாது. ஒரே தலையில் இரண்டு வகை இருப்பதும் சகஜம். எனக்கே பெரும்பாலும் நெளி என்றாலும், பிடரியில் சுருட்டை, உச்சியில் ஏறக்குறைய கோரை.

3. தடிமன்

ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய முடி. தையல் நூல் போல நெருடினால் தடித்த முடி. அடர்த்தி வேறு, தடிமன் வேறு: மெல்லிய முடியே நெருக்கமாக வளர்ந்து கொத்தாகத் தெரியலாம். மெல்லிய முடிக்குக் கனமான கிரீம் பூசினால் தலையோடு ஒட்டிப் படிந்துவிடும். எனக்கு அந்த ஒன்பதில் நான்கு இப்படித்தான் வீணாயின.

4. ஈரத்தை எப்படி வாங்குகிறது?

என்னைக் கேட்டால், வடிவத்தைவிட இதுதான் முக்கியம். முடியின் மேற்பரப்பில் கூரை ஓடுகள் போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஓடுகள் நெருக்கமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகத் தயங்கும். விலகியிருந்தால் மளமளவென்று உறிஞ்சி, அதே வேகத்தில் வெளியே விட்டுவிடும். சாயம், பிளீச், அயர்ன் சூடு எல்லாம் ஓடுகளைக் கிளப்பிவிடும்.

டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே மிதக்கும். அதற்குப் பதிலாக, கழுவிக் காய்ந்த முடியில் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் செதில் நெருக்கம். உடனே ஊறினால் விலகல். வேர்ப்பக்கத்தையும் நுனியையும் தனித்தனியே சோதியுங்கள். 40 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்குச் சுமார் மூன்று வயது. அத்தனை நாள் சீப்பும் வெயிலும் பட்டது அது. வேர் மாதிரியே நடந்துகொள்ளாது.

5. மண்டைத் தோல்

குளித்த மறுநாள் காலையில் டிஷ்யூ பேப்பரை உச்சியில் அழுத்திப் பாருங்கள். பளபளவென்று எண்ணெய் படிந்தால் எண்ணெய்ப் பசை அதிகம். கோரைமுடியில் இந்த எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டையில் வளைவுதோறும் தேங்கி நிற்கும். வேர் பிசுக்காகவும் நுனி நார் போலவும் இருப்பது அதனால்தான்.

6. சரி, எதை வாங்குவது?

ஷாம்பு மண்டைத் தோலுக்கு, கண்டிஷனர் முடி நீளத்துக்கு. இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். பிசுக்குத் தலைக்கு நன்றாகச் சுத்தம் செய்யும் ஷாம்பு; வறண்ட தலைக்குச் சல்பேட் (நுரை தந்து பிசுக்கை வலுவாக எடுக்கும் பொருள்) இல்லாத மென்மையானது.

கோரைமுடிக்கு லேசான கண்டிஷனர், அதுவும் காதுக்குக் கீழே மட்டும். நெளிமுடிக்கு அதோடு ஈரத்திலேயே தடவும் ஜெல் அல்லது நுரை. சுருட்டைக்குக் கழுவாமல் விடும் லீவ்-இன் கிரீமும் ஜெல்லும். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். இறுக்கச் சுருளுக்குக் கனமான வெண்ணெய் வகைக் கிரீம்கள் தாங்கும், ஷாம்பு போடும் தடவைகளைக் குறைக்கலாம். செதில் விலகிய முடிக்குப் புரதம் சேர்த்த கண்டிஷனர் கொஞ்ச நாளைக்குப் பலம் தரும். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால், கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைவது குறையும்.

லேபிளில் பொருட்களை அளவு வாரியாக, அதிகம் உள்ளதை முதலில் போடுவார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட மூலிகை, பட்டியலில் வாசனைப் பொருளுக்கும் கீழே இருந்தால் அது பெயருக்குத்தான். டைமெத்திகோன் போன்ற சிலிகோன்கள் விஷமல்ல, மேலே ஒரு பூச்சு போடும். அது படிந்து முடி மழுங்கினால் ஒருமுறை சல்பேட் ஷாம்பு போட்டு அலசுங்கள்.

புதிய பொருளை முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நான்கைந்து குளியல் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மண்டையில் புண், திட்டுத்திட்டாக வழுக்கை, திடீரென்று கொத்தாகக் கொட்டுதல் இருந்தால் பாட்டிலை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

என் ஒன்பது பாட்டிலில் இப்போது இரண்டுதான் தலைக்குப் போகின்றன. மீதியிருந்த ஷாம்புகள் சீப்பும் பிரஷ்ஷும் ஊறப்போடும் தண்ணீரில் தீர்ந்துகொண்டிருக்கின்றன. பிசுக்கை நன்றாகவே எடுக்கின்றன.